ஆப்ப சோடா போடும் முன் புளிப்பு எங்கே என்று பாருங்கள்: புதிதாகச் சமைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமையலறையில் நுழைந்த புதிதில் எல்லோரும் தாராளமாகக் கை வைக்கும் பொருட்களில் ஒன்று ஆப்ப சோடா. போண்டா கல்லு மாதிரி வருகிறதா, கொஞ்சம் சோடா. கடலை வேகவில்லையா, கொஞ்சம் சோடா. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு, அது பாத்திரத்துக்குள் போய் என்ன செய்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. விளைவு, ஒரு நாள் போண்டா பஞ்சாக வரும். மறுநாள் அதே போண்டா எண்ணெயைக் குடித்துக்கொண்டு, வாயில் வைத்தால் சோப்புத் தண்ணீர் போல இருக்கும்.

இதைச் சரியாகக் கையாள ஒரே ஒரு கேள்வி போதும்: நான் செய்யப்போகும் பண்டத்தில் புளிப்பு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தபின் டப்பாவைத் திறங்கள்.

முதலில், சரியான பொருளை வாங்குங்கள்

சமையல் சோடா, ஆப்ப சோடா, சோடா உப்பு, பேக்கிங் சோடா, இலங்கையில் அப்பச்சோடா. எல்லாம் ஒன்றுதான், சோடியம் பைகார்பனேட் என்னும் உப்பு. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 500 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கு உலகளவில் கொடுக்கும் எண் வரிசையில் 500 என்பது சோடியம் கார்பனேட் குடும்பம். அதன் இரண்டாம் உட்பிரிவுதான் நம்முடைய ஆப்ப சோடா. சில பாக்கெட்டுகளில் ‘உப்ப வைக்கும் பொருள்’ என்றும், சிலவற்றில் ‘அமிலத்தன்மை சீராக்கி’ என்றும் போட்டிருப்பார்கள். ஒரே பொருள்தான், அந்தப் பண்டத்தில் அது எந்த வேலைக்காகச் சேர்க்கப்பட்டதோ அந்தப் பெயர்.

அதே வரிசையில் முதல் உட்பிரிவு சோடியம் கார்பனேட். துணி துவைக்கும் சலவைச் சோடா இதுதான். பார்க்க இரண்டும் வெள்ளைப் பொடி. ஆனால் சலவைச் சோடாவின் காரத்தன்மை பல மடங்கு அதிகம். வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும். அதனால் மளிகைக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் பெயரில்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் அச்சிட்ட பாக்கெட்டாக இருக்கட்டும். விலை வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை.

அப்பளக்காரமும் வேறு பொருள்தான். அதில் சோடியம் கார்பனேட் இருக்கும். அப்பள மாவுக்கு அது சரி, ஆப்பத்துக்குச் சரிவராது. பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு ஒரு அமிலப் பொடியையும், ஈரம் உறிஞ்சக் கொஞ்சம் மாவையும் முன்கூட்டியே கலந்து வைத்தது. புளிப்பை அதுவே கொண்டு வருவதால் தயிர், மோர் இல்லாத கேக்குக்கும் உதவும். கையில் பேக்கிங் பவுடர் இல்லை என்றால், 1 தேக்கரண்டிக்குப் பதிலாகக் கால் தேக்கரண்டி சோடாவும் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சமாளிக்கலாம். பேக்கிங் பவுடர் கேட்ட இடத்தில் அதே அளவு வெறும் சோடாவைக் கொட்டுவது கேக்கைக் கெடுக்க நல்ல வழி. டோக்ளாவுக்குப் பலர் போடும் ஈனோவும் சோடா, சிட்ரிக் அமிலம், கொஞ்சம் சோடியம் கார்பனேட் சேர்ந்த கலவைதான். அதனால்தான் தண்ணீர் பட்டதுமே பொங்குகிறது.

அடுத்து, உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்த சோடாவை நம்பி நாலு பேருக்கு மாவு கரைக்காதீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் கால் தேக்கரண்டி சோடாவைப் போட்டு, அதன் மேல் எலுமிச்சைச் சாறு நாலைந்து சொட்டு விடுங்கள். உடனே சீறிக்கொண்டு நுரை வந்தால் நல்ல சோடா. சோம்பலாக இரண்டு குமிழி விட்டு அடங்கினால் அதைப் பாத்திரம் தேய்க்க ஒதுக்கிவிடுங்கள்.

அந்தச் சீறலில்தான் எல்லாம் இருக்கிறது. சோடாவும் அமிலமும் சேரும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. 1 தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம் சோடா முழுவதும் இப்படிச் செலவானால் ஒரு லிட்டருக்கு மேல் வாயு வரும். மாவுக்குள் மாட்டிக்கொண்ட அந்த வாயுதான் பண்டத்தை உப்ப வைக்கிறது. அதே நேரத்தில் புளிப்பும் தணிகிறது, சோடாவும் காலியாகிறது.

புளிப்பே இல்லாத மாவில் போட்டால்? அப்போதும் வாயு வரும், சூட்டினால். ஆனால் பாதிதான் வரும். மீதி என்ன ஆகிறது தெரியுமா? சோடியம் கார்பனேட்டாக மாறி மாவிலேயே தங்கிவிடுகிறது. ஆமாம், சலவைச் சோடா. வாயில் தட்டும் சோப்பு நெடிக்கும் கசப்புக்கும் காரணம் இதுதான். அதனால்தான் புளிப்பு எங்கே என்று முதலில் கேட்கச் சொன்னேன். புளிப்பு இருந்தால் சோடா தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். இல்லையென்றால் மாவிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

அளவு

சோடா விஷயத்தில் கண்ணளவு வேண்டாம். கால் தேக்கரண்டி, அரைக்கால் தேக்கரண்டி உள்ள அளவுக் கரண்டிக் கொத்து ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியில் கும்பாச்சியாக அள்ளாமல், கத்தியின் முதுகால் வழித்துச் சமமாக்குங்கள். சிட்டிகை என்று சொன்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சேர்த்து எடுப்பது. மூன்று விரல் சேர்த்தால் அளவு எங்கோ போய்விடும்.

மனதில் வைத்துக்கொள்ள இவ்வளவு போதும். 1 கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி என்பது உச்ச வரம்பு. 1 கப் புளித்த தயிரோ மோரோ சுமார் அரைத் தேக்கரண்டி சோடாவைச் செலவழித்துவிடும். 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் கால் தேக்கரண்டியை. தயிர் எவ்வளவு புளித்தது என்பதைப் பொறுத்து இது முன்பின் ஆகும். சந்தேகம் வந்தால் குறைத்துப் போடுங்கள். கூடிப்போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

கட்டி இல்லாமல் சலித்துப் போடுவதும் முக்கியம். இதற்கு மஞ்சள்தூள் நல்ல காவலாளி. பஜ்ஜி மாவில் மஞ்சள் சேர்த்துக் கரைத்து, மேலே சோடாவைத் தூவிப் பாருங்கள். பொடி விழுந்த இடமெல்லாம் மஞ்சள் போய்ச் செங்காவிப் புள்ளியாகத் தெரியும். காரத்தன்மை பட்டால் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும். கலக்கக் கலக்கப் புள்ளிகள் கரைந்து மாவு பழைய நிறத்துக்கு வந்துவிட்டால் சரி. மாவு முழுவதுமே சிவந்து நின்றால் சோடா கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் கடலை மாவும் தண்ணீரும் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள், அல்லது ஒரு கரண்டி மோர் விடுங்கள்.

போண்டாவில் தொடங்குங்கள்

பழகுவதற்கு மைசூர் போண்டாவைப் போல எளிதானது இல்லை, ஏனென்றால் புளிப்பு கண்ணுக்கு எதிரே இருக்கிறது. 1 கப் மைதா, 1 மேசைக்கரண்டி அரிசி மாவு, முக்கால் கப் புளித்த தயிர், உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், மிளகு, கறிவேப்பிலை. இதற்குக் கால் தேக்கரண்டி சோடா. தயிரும் சோடாவும் முதலில் சேரட்டும். நுரை கட்டி வரும்போது மாவைப் போட்டு, கையால் அடித்துக் கலக்குங்கள். மாவு கெட்டியாக, கையில் எடுத்தால் மெதுவாக வழுக்கி விழும் பதத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். அதிகம் காய்ந்தால் மேலே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும்; சோடா சேர்ந்த மாவு சாதாரண மாவைவிடச் சீக்கிரம் சிவக்கும் என்பதால் இதில் ஏமாறுவது சுலபம்.

பஜ்ஜி இதற்கு நேர்மாறு. கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம். புளிப்பு என்று எதுவும் இல்லை. அதனால் இங்கே சிட்டிகைக்கு மேல் வேண்டாம். கூடப் போட்டால் பஜ்ஜி பெரிதாக உப்பும், உள்ளே ஓட்டையாகும், எண்ணெயைக் குடிக்கும். மாவில் ஒரு கரண்டி காய்ந்த எண்ணெய் ஊற்றிக் கலந்தாலே பாதி மொறுமொறுப்பு வந்துவிடும். என்னைக் கேட்டால் வீட்டுப் பஜ்ஜிக்கு சோடாவே தேவையில்லை.

ஆப்பம்

ஆப்ப மாவில் புளிப்பைத் தயிர் தருவதில்லை, நேரம் தருகிறது. பச்சரிசியை ஊறவைத்து, தேங்காயும் ஒரு கைப்பிடி சோறும் சேர்த்து அரைத்து, இரவு முழுவதும் புளிக்க வைக்கிறோம். முன்பு புளிப்புக்குக் கள் சேர்த்தார்கள். இப்போது பலர் இளநீரோ ஈஸ்ட்டோ சேர்க்கிறார்கள். காலையில் மாவை முகர்ந்து பாருங்கள். லேசான புளிப்பு வாசம் வந்து, மேலே குமிழி கட்டியிருந்தால் 2 கப் அரிசி மாவுக்குக் கால் தேக்கரண்டி சோடா போதும். மாவு புளிக்கவே இல்லையா? அன்றைக்கு சோடாவைக் கூட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள். நடு பஞ்சாக வரும், ஆனால் சுவை கெட்டுவிடும். பேசாமல் மாவை இன்னும் இரண்டு மணி நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள்.

சோடாவை இரவிலேயே கலந்து வைப்பது இன்னொரு தப்பு. வாயுவெல்லாம் விடிவதற்குள் போய்விடும், புளிப்பையும் அது தின்றுவிடும். ஊற்றப்போகும் நேரத்தில், அன்றைக்குத் தேவையான மாவை மட்டும் தனியே எடுத்து, சோடாவைக் கொஞ்சம் தேங்காய்ப் பாலில் கரைத்து ஊற்றி, மெதுவாகக் கலக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சட்டியில் விழ வேண்டும். மாவு மிகவும் புளித்துப் போயிருந்தால் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுப் புளிப்பைத் தணிக்கலாம். அமிலத்தன்மை சீராக்கி என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதே, அது இதுதான்.

இட்லிக்கு? போடாதீர்கள். உளுந்து சரியாக அரைபட்டு, மாவு சரியாகப் புளித்திருந்தால் தேவையே இல்லை.

பாதுஷா

பாதுஷாவில் சோடாவை எங்கே, எப்போது சேர்க்கிறோம் என்பதுதான் கைப்பக்குவம். 2 கப் மைதாவுக்கு அரை கப் உருக்கிய வெண்ணெய் அல்லது டால்டா, கால் கப் தயிர், கால் தேக்கரண்டி சோடா. மாவைத் தொடுவதற்கு முன், வெண்ணெயையும் தயிரையும் சோடாவையும் ஒரு அகலமான தாம்பாளத்தில் போட்டு உள்ளங்கையால் தேயுங்கள். முதலில் தயிர் தனியாக, வெண்ணெய் தனியாகத் திரிதிரியாக நிற்கும். விடாமல் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து, நிறம் வெளுத்து, கையில் நுரைத்த கிரீம் போல ஒட்டும். அப்போதுதான் மைதா. பிசையக் கூடாது, சேர்த்துப் பிடித்தால் போதும். சோடா இப்படிக் கொழுப்போடு சீராகப் பரவினால்தான் ஒவ்வொரு பாதுஷாவிலும் ஏடு ஏடாகப் பிரியும். கால் தேக்கரண்டியை அரைத் தேக்கரண்டியாகக் கூட்டினால் எண்ணெயில் போட்டதும் உதிர்ந்து கரைய ஆரம்பித்துவிடும். மெதுபக்கோடாவுக்கும் இதே தேய்க்கும் முறைதான்.

பாகில் கடைசியாக நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள். பாகு பூத்துப்போகாமல் இருக்க அது. பாதுஷாவின் மேல்தோலில் ஏதாவது சோடா மிச்சம் இருந்தால் அதையும் அடக்கிவிடும் என்பது உபரி லாபம்.

கடலையும் கடினத் தண்ணீரும்

போர் தண்ணீரில் கொண்டைக்கடலை வேகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கடலையின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. சோடா அந்தப் பெக்டினைக் கரைத்து இளக்குகிறது. இங்கே புளிப்பு எங்கே? இல்லை. அதனால் வேறு உபாயம்: ஊறவைக்கும் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். 1 கப் கடலைக்குக் கால் தேக்கரண்டி, இரவு முழுக்க. காலையில் இரண்டு மூன்று முறை அலசி, புதுத் தண்ணீரில், குக்கரில். புளி, தக்காளி எல்லாம் கடலை வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் கடலை இறுகும்.

துவரம்பருப்புக்கும் கீரைக்கும் இந்த வழியைக் கொண்டுபோகாதீர்கள். சோடா போட்டால் கீரை பளிச்சென்று பச்சையாக நிற்கும், உண்மைதான். கூடவே நைந்து வழவழப்பாகும். பி1 வைட்டமின் காரத்தன்மையில் அழிந்துவிடும்; பருப்பில் நமக்குக் கிடைக்கும் நல்லவற்றில் அதுவும் ஒன்று. பசுமை வேண்டுமென்றால் கீரையை மூடாமல், சீக்கிரம் வேகவைத்து இறக்குங்கள். அலுமினியப் பாத்திரத்தில் சோடாவைக் கொதிக்க விடவும் வேண்டாம். பாத்திரம் கருக்கும்.

புளிப்பைத் தணிக்க மட்டும்

உப்ப வைக்க எதுவும் இல்லாத இடத்திலும் சோடா உதவும். தக்காளி சூப் மிகவும் புளித்துவிட்டால், அடுப்பில் இருக்கும்போதே ஒரு சிட்டிகை போடுங்கள். பொங்கி எழும், அதனால் பாத்திரம் பாதி காலியாக இருக்கட்டும். நுரை அடங்கிய பிறகு பாலோ கிரீமோ ஊற்றினால் திரியாது. சர்க்கரை போட்டால் புளிப்பு மறையும், அவ்வளவுதான். சோடா அதைக் குறைக்கவே செய்யும். ருசி பார்த்துக்கொண்டே போடுங்கள், ஏனென்றால் கொஞ்சம் கூடினாலும் சூப் சப்பென்று ஆகிவிடும்.

வெல்லப் பாயசம் திரிவதற்கும் காரணம் வெல்லத்தில் உள்ள லேசான அமிலம்தான். சூடான பாலில் சூடான பாகைக் கொட்டினால் திரியும். இதற்கு ஒரு சிட்டிகை சோடா போடுபவர்கள் உண்டு. அதைவிட நல்லது, பாகையும் பாலையும் தனித்தனியே ஆறவிட்டுக் கலப்பது.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. கெடத் தொடங்கிய பாலில் சோடா கலந்து புளிப்பை மறைத்து விற்பது நம் நாட்டில் சட்டப்படி கலப்படம். வீட்டிலும் அதைச் செய்யாதீர்கள். புளிப்புதான் மறையும், பெருகிய கிருமிகள் அப்படியே இருக்கும்.

கூடிப்போனால் என்ன செய்வது

மாவு நிலையிலேயே தெரிந்துவிட்டால் தப்பிக்கலாம். தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, எது பொருந்துமோ அதைக் கொஞ்சம் சேர்த்து, நுரைத்து அடங்கும் வரை பொறுங்கள். ருசி பாருங்கள். ஆனால் ஒன்று, கசப்பு போனாலும் சோடியம் போகாது. மாவுக்குப் போட வேண்டிய உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெந்தோ பொரிந்தோ வந்த பிறகு தெரிந்தால் புளிப்பான சட்னியோடு கொடுப்பதைத் தவிர வழியில்லை.

யார் பார்த்துப் போட வேண்டும்

1 தேக்கரண்டி சோடாவில் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கான போண்டாவில் கால் தேக்கரண்டி என்றால் ஆளுக்கு 80 மில்லிகிராம் கூட வராது, பயப்பட வேண்டாம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் உப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெஞ்செரிச்சலுக்கு சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எப்போதாவது ஒருமுறை என்றால்கூட வயிறு முட்டச் சாப்பிட்டபின் கூடாது; உள்ளே பெருகும் வாயுவுக்கு இடம் வேண்டுமே. அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

டப்பாவும் பழைய சோடாவும்

ஈரமும் வாடையும் இதற்கு ஆகாது. பாக்கெட்டைப் பிரித்ததும் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி, இறுக்கி மூடி, பெயரையும் பிரித்த தேதியையும் ஒட்டி வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். ஆவி பறக்கும் அடுப்பு மேடைக்கு மேலே உள்ள அலமாரி வசதிதான், ஆனால் சோடா அங்கே சீக்கிரம் செத்துவிடும்.

சோதனையில் தோற்ற சோடா வீணில்லை. ஒரு கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் வாடையைக் கொஞ்சம் இழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஸ்டீல் பாத்திரத்தில் தூவி ஈரத் துணியால் தேய்க்கலாம். பலர் சோடாவோடு வினிகரையும் ஊற்றி, பொங்குவதைப் பார்த்துப் பிரமாதமாகச் சுத்தமாகிறது என்று நினைப்பார்கள். போண்டா மாவில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது: ஒன்றை ஒன்று தீர்த்துவிட்டு, வெறும் உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று மிஞ்சும். பிசுக்குக்கு சோடாவைத் தனியாகத் தேய்த்துக் கழுவுங்கள். குழாயில் படிந்த வெள்ளை உப்புக்கறைக்கு அப்புறம் தனியாக வினிகர்.